அரைக்கால் அங்குலம்

ருஸ்தாவி வாகனச் சந்தையில், ஒன்பதாவது வரிசையில்,
டயர்க்காரன் வக்தாங்குக்கும் கண்ணாடிக்காரி எத்தேரிக்கும் நடுவில்
தகரக் கடை என்னுடையது.
ஹோஸும் அதன் முனைகளும் விற்கிறேன்.
விரல் நுனி அளவு பித்தளை.
யாரும் அதை ஆசைப்பட்டு வாங்குவதில்லை.
ஒழுகிய பிறகு வருவார்கள்.

ஜெர்மன் கார்க்காரர் என்றால் எனக்கு நிம்மதி.
மில்லிமீட்டரில் பேசும் நேர்மரை,
கழுத்தில் ஒரு செம்பு வாஷர்.
மரை பிடிக்கும், வாஷர் அடைக்கும்.
ஆளுக்கொரு வேலை, சண்டையில்லை.
பழைய அமெரிக்க வண்டியின் எரிபொருள் குழாய்
நாற்பத்தைந்து பாகையில் வாய் விரித்திருக்கும்.
பந்தயப் பையன்கள் கேட்பதோ முப்பத்தேழு.
இரண்டையும் முட்டவைத்தால்
ஒரு கோட்டில் மட்டும் உதடு படும்.
மிச்சமெல்லாம் பெட்ரோலுக்கு வாசல்.

கூம்புமரைதான் பொல்லாதது.
போகப்போக இறுகும், தானே தன்னை அடைக்கும்.
ஜப்பான் எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் பார்க்கும் துளைக்கு
அங்குலத்துக்கு இருபத்தெட்டுப் புரி.
அமெரிக்க மீட்டரின் முனைக்கு இருபத்தேழு.
கேட்டால் இரண்டும் சொல்லும் பெயர்
அரைக்கால் அங்குலம்.
கையால் திருகினால் இரண்டு சுற்று
சம்பந்தி வீட்டுக்குள் போவதுபோல் போகும்.
மூன்றாவதில் நிற்கும்.
அங்கே ஸ்பேனரை எடுப்பவனுக்கு
இறுக்கம் வேறு, பொருத்தம் வேறு என்று
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் விற்றேன்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணி. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
டெலிகா வேன் ஓட்டும் கோச்சா.
விடிந்தால் ஐந்து போலந்துக்காரர்களை
ஒமாலோ மலைக்கு ஏற்றிப்போக வேண்டும்.
கையில் புது அமெரிக்க மீட்டர்.
இடையில் வைக்கும் அடாப்டர்
குத்தாயிசியிலிருந்து திங்களன்றுதான் வரும்.
"டேப்பை இன்னும் நாலு சுற்று சுற்று.
தாங்கும்" என்றேன்.
டேப்புக்கு நான்கு லாரி.
சரியான சில்லறையாகக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை வந்தான்.
திட்டுவான் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.
கணவாய்க்கு இரண்டு வளைவு கீழே
முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டதாம்.
அந்த நொடியே எஞ்சினை நிறுத்தியிருக்கிறான், நல்லவேளை.
பனிமூட்டத்தில் ஐவரும் நடந்திருக்கிறார்கள்.
ஆட்டுக்காரனின் நாய் எண்ணெய்த் தடத்தை முகர்ந்து
தும்மிக்கொண்டே கூட வந்ததாம்.
அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தான்.

மீட்டர் முனையைக் கவுண்டரில் வைத்தான்.
கந்தலான டேப்பை நகத்தால் உரித்துவிட்டு
இருபத்தெட்டின் சீப்பை அதன்மேல் பதித்து
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
முதல் பல் உட்கார்ந்தது. இரண்டாவதும்.
அதற்குப்பின் பல்லுக்கும் பள்ளத்துக்கும் இடையே
மயிரிழை வெளிச்சம்.
குனிந்து பார்த்தான்.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."

அடாப்டருக்குக் காசு வேண்டாம் என்றேன்.
நான்கு லாரியை எண்ணி வைத்தான்.
"இது பித்தளைக்கு.
மற்றதைப் பிறகு பேசலாம், லாம்ஸிரா."

துளையைப் பற்றி அவன் கேட்கவில்லை, நான் கேட்டேன்.
வாயோரம் கொஞ்சம் மழுங்கியிருக்கிறதாம்.
மரைவெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.
"கல்லாவைத் திறந்துபோட்டுப் போகிறாயே,
உனக்கு மரை கழன்றுவிட்டதா?" என்றாள் எத்தேரி.
"பார்த்துக்கொள்" என்றேன்.

வேனுக்கடியில் அட்டையை விரித்துப் படுத்தேன்.
வெட்டியில் கிரீஸ் தடவி,
கால் சுற்று முன்னே, அரைக்கால் பின்னே.
சுருள்சுருளாக அலுமினியத் தூள்
கன்னத்தில் விழுந்தது.
துடைத்து, துணியால் இன்னொருமுறை துடைத்து,
அடாப்டரை வைத்தேன். ஸ்பேனரைத் தொடவில்லை.

ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் என் கை தானாக நின்றது.
பிறகு திருகினேன்.
போயிற்று.

மேலே, சக்கரத்துக்குப் பக்கத்தில்,
அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
என்னை நம்பாமல்
அவனும் எண்ணிக்கொண்டிருந்தான், சத்தமாக:
"ஓத்கி."
நான்கு.