முப்பது பிரேம்

பதியத் தொடங்கும்வரை நாற்பத்தெட்டு.
பட்டனை அமத்தினால் பதினொன்று.
இரண்டு எஞ்சின் விமானம் வண்டில் மாடாகிவிடும்.
ஓடுபாதை துண்டு துண்டாய் வரும்,
சக்கரம் நிலத்தில் முட்டியது எனக்குத் தெரியவர
நான் புல்லுக்குள் நிற்பேன்.

பரந்தன் சந்தி தாண்டி, பூநகரி வீதியில்
தகரம் போட்ட அறை.
பகல் முழுக்க வெயில் குடித்த தகரம்
இரவு பத்துக்குத்தான் அதைத் துப்பி முடிக்கும்.
பெட்டியின் ஒருபக்க மூடியைக் கழற்றி
மேசை விசிறியை அதற்கு நேரே திருப்பியிருக்கிறேன்.
காற்று அதற்கு. வியர்வை எனக்கு.
கார்ட், சூரிச்சிலிருந்து மச்சான்
பழசென்று கழித்து அனுப்பியது.
சுங்கத்தில் மூன்று கிழமை கிடந்தது.

மல்லாவியிலிருந்து தினோசன் எழுதினான்:
வேணுகா, மூளையைக் கொண்டு எழுதுவிக்காதே,
அது பறக்கிற வேலையைப் பார்க்கட்டும்.
பதிவைக் கார்ட்டிடம் கொடு,
அதற்கென்றே உள்ளே ஒரு மூலை இருக்கு.
விளையாட்டு ஒரு டிஸ்க்கில், வீடியோ வேறொன்றில்;
ஒரு கப்பியில் இரண்டு வாளி விட்டால் கயிறு சிக்கும்.
பிறகு முப்பதில் பூட்டு.
துள்ளுகிற ஐம்பதைவிட
அசையாத முப்பது மேல்.

பூட்டினேன்.
பத்தொன்பது.

கழிக்கத் தொடங்கினேன்.
முதலில் நிழல்கள்.
நிழல் இல்லாத மரத்தை ஆர் கவனிக்கப்போகினம்?
இருபத்திரண்டு.
தண்ணீரில் வானம் தெரிவதை நிறுத்தினேன்,
இரணைமடு நீலத் தகடாயிற்று.
இருபத்தைந்து.
ஏ-ஒன்பதில் ஓடிய வாகனங்கள். முகிலின் தடிப்பு.
மரங்களை அடர்த்தியிலிருந்து நடுத்தரத்துக்கு,
அங்கிருந்து அருமைக்கு.
வீடுகள்.
வீடுகளில் கை வைக்கையில் ஒருக்கால் நின்றேன்.
அவை எங்கள் வீடுகளே இல்லை.
எங்கேயோ ஒரு கொம்பனி
எல்லா ஊருக்கும் ஒன்றாய் அச்சடித்த
சிவப்புக் கூரைப் பெட்டிகள்.
எங்கள் ஒழுங்கையில்
ஒருநாளும் இல்லாத ஒரு மாடிவீடு வேறு.
இருந்தாலும் நின்றேன்.
பிறகு எடுத்தேன்.
முப்பது.

இரத்மலானையில் ஏறி
வீதியைப் பிடித்து வடக்கே வந்தேன்.
மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி
எண்ணெய் தடவியது போல வழுக்கிப் போயின.
மேலேயிருந்து பார்க்கிறவருக்கு
ஒரு தடங்கலும் இல்லை.
அந்த வீடியோவை ஒருவருக்கும் காட்டவில்லை.

அதெல்லாம் தேவையில்லை, என்றான் தினோசன்,
பறக்கும்போது ஏன் பதிகிறாய்?
முதலில் பற. பறந்ததைச் சேமி.
கையை எடுத்துவிட்டு அதைத் திரும்ப ஓடவிடு,
பாதி வேகத்தில்.
வெட்டும்போது இரட்டிப்பாக்கு,
இருபது நாற்பதாகும்.
கழித்த எல்லாவற்றையும் திரும்பப் போடலாம்.

போட்டேன்.
நிழல், தண்ணீர், மரம், பெட்டி வீடுகள்,
அந்த மாடிவீடும்.
கமராவை விமானத்திலிருந்து இறக்கி
பூநகரி வீதியோரம், நிலத்தில்,
எங்கள் கேற் இருக்கவேண்டிய இடத்தில் வைத்து
அண்ணாந்து பார்க்கவிட்டேன்.
தெற்கிலிருந்து நானே வந்தேன்.
பதிந்து, தாழ்வாக.
பாதி வேகத்தில் எஞ்சின் சத்தம் நீண்டு தடித்து
புது ஸ்பீக்கர் அதை மேசைக்குள்ளும்
மேசை அதைச் சுவருக்குள்ளும் கொடுத்தது.

அடுத்த அறையில் அம்மா லைட்டை நூர்த்தா.

ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.
சுவிச்சின் டிக் மட்டும்.
கொஞ்சம் பொறுத்து
திரும்பவும் டிக். புத்தகத்தின் தாள் புரண்டது.

சத்தத்துக்கும் பிரேமுக்கும் சம்பந்தமே இல்லை.
குறைத்தால் ஒன்றுகூடக் கூடாது.
சுழியத்தில் வைத்துவிட்டு
முழுவதையும் முதலிலிருந்து பதிந்தேன்.
நாற்பது, கடைசிவரை நாற்பது.
மர நிழல்கள் வீதிக்குக் குறுக்கே விழுந்து கிடக்க
என் விமானம் அவற்றின் மேலாக
ஒரு பறவை போலக்கூட இல்லாமல் போனது.

தினோசன் பார்த்துவிட்டு எழுதினான்:
கலக்கிட்டாய். சத்தம் எங்கே?

செற்றிங்கில் ஏதோ பிழை, என்றேன்.