ஒரு இலையான் அளவு கீழை

ஹற்றனிலையிருந்து வந்து இறங்கி ஒன்பது நாள்.
அம்ப் பெட்டியைச் சுத்தின கயிறு இன்னும் அவிழேல்லை.
வான்காரர் குகதாசன் நேற்றும் போன் எடுத்தவர்:
"டீசல் காசு ஆறாயிரம் நிக்குது தம்பி.
அந்தக் கயிறும் என்ரை."

மட்டக்களப்பில் நூற்றிநாப்பது பேர்.
ஹற்றனில் முப்பத்தொண்டு,
அதிலை ஆறு பேர் மழைக்கு ஒதுங்கினவை.
கொழும்பில் நாங்கள் எண்ணேல்லை.

இப்ப கொக்குவில்.
கனடாவிலை இருக்கிற ஆரோ பூட்டிவிட்ட வீட்டின்
சாமான் அறை.
கோழிப்பண்ணையில் கெஞ்சி வாங்கின முட்டைத்தட்டு
நாலு சுவருக்கும்.
பகல் வெக்கை இறங்காத அறைக்குள்ளை
பொரிக்காத குஞ்சுகளின்ரை மணம்.

பதிவு இரவு ஒரு மணிக்குப் பிறகுதான்.
அதுக்கு முதல்
கோயில் ஸ்பீக்கர், ரெயின், நாய்,
பிறகு அந்த நாய்க்குப் பதில் சொல்லுற நாய்.

யூட் அன்ரன் பாசையூரிலையிருந்து வருவான்.
நாலு மணிக்கு மீன் ஏலம்.
மூண்டு மணித்தியாலம் அவன்ரை கை எங்களுக்கு,
பிறகு ஐஸ்பெட்டிக்கு.
ஹற்றனில் கிழிஞ்ச ட்ரம் தோலுக்கு
சைக்கிள் ரியூப் ஒட்டியிருக்கிறான்.
அடிச்சால்
கதவுக்கு அங்காலை ஆரோ இருமின மாதிரிக் கேக்கும்.
"அது வடிவாத்தானே இருக்கு" எண்டாள் சுலக்சி.
அவளுக்குத் தொண்டை கட்டி ஆறு நாள்.
மேலே போற இடமெல்லாம் காத்து மட்டும் வருது.

மட்டக்களப்பில் மூண்டாம் பாட்டுக்கு நடுவிலை
கரண்ட் போச்சு.
இருட்டுக்குள்ளை சனம் கைதட்டித் தாளம் பிடிச்சுது,
நாலு சுற்று.
வெளிச்சம் வர, சரியா அந்த இடத்திலை விழுந்தம்.
அதுக்குப் பிறகு எல்லா ஊரிலும்
அந்த நாலு சுற்றை வெறுமனே விட்டு வைச்சம்,
ஆரும் வந்து இருக்கட்டும் எண்டு.
ஹற்றனில் மழை வந்து இருந்துது.

இங்கை அதுக்குள்ளை ஒண்டுமில்லை.
ஹெட்போனில் கிளிக் மட்டும்:
தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு,
வட்டிக்காரன் படலை தட்டுற மாதிரி.
யூட் ஒருக்கா முந்துறான், ஒருக்கா பிந்துறான்.
கிளிக் கோவிக்கிறதும் இல்லை.

நான் பகலிலை கஸ்தூரியார் வீதியில் போன் திருத்துறவன்.
ஒண்டு ஏன் எரியேல்லை எண்டு
கழற்றிப் பாத்துச் சொல்லுவன்.
பாட்டை எந்தப் பக்கத்தாலை கழற்றுறது?

நேற்று, ஆறாம் தரம், மூண்டு பத்து.
நாலு சுற்றுக்குள்ளை
பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி ரீச்சரின்ரை தண்ணி மோட்டர்.
ரீச்சருக்கு நித்திரை வாறேல்லையாம்.
கொம்பியூட்டருக்கு முன்னாலை மயூரேசன்
தலையிலை கை வைச்சான்.

முதலிலை சிரிச்சது யூட்.
பிறகு எல்லாரும் பேசாமல் கேட்டுக்கொண்டு நிண்டம்.
அது ஒரே சுருதி. ஆடேல்லை.
ஈ நோட்டுக்குக் கிட்ட,
ஒரு இலையான் அளவு கீழை.

நான் நாலு தந்தியையும் இறக்கினன்.
மயூரேசன் தன்ரை ஆறையும்.
யூட் ஹெட்போனைக் கழற்றிச் சுவரிலை,
ஒரு முட்டைக் குழிக்குள்ளை செருகினான்.
தாங்கி நிரம்ப இருபது நிமிசம் எண்டு
ஆரோ கணக்குச் சொல்லிச்சினம்.
சுலக்சி கீழை தொடங்கினாள்.
அவளின்ரை தொண்டை போய் நிண்ட இடம்
அதுதான் போல.

ஒருக்காத்தான் வாசிச்சம்.
கடைசிச் சுற்றில் தாங்கி வழிஞ்சு, மோட்டர் நிண்டிட்டுது.
எங்களுக்கு உடனே நிக்கத் தெரியேல்லை,
ஒரு அரைச் சுற்று தனியப் போச்சு.

யூட் சேட்டைப் போட்டுக்கொண்டு ஏலத்துக்கு ஓடினான்.
மற்றவை போட்டுக் கேட்டம்.
நல்லதோ கூடாதோ எண்டு ஆருக்கும் சொல்ல வரேல்லை.
தண்ணி சொட்டுறதும் பதிஞ்சு கிடக்கு.

இன்னும் நாலு பாட்டு மிச்சம்.
இண்டைக்கு மூண்டு பத்துக்கு மோட்டரைப் போடச் சொல்லி
ரீச்சரிட்டை ஆர் போய்க் கேக்கிறது?