பிரிபடாத பாகம்

கிரயப் பத்திரத்தின் ஒன்பதாம் பக்கம் சொல்கிறது:
இருபத்துமூன்றடிப் பொதுப்பாதையில்
இருபத்தாறில் ஒரு பங்கு, பிரிபடாத பாகமாக,
எனக்கு.
சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது.
எந்த ஒரு பங்கு என்று எழுதவில்லை.
பதினோரு வருடமாகக் குனிந்து பார்த்தபடிதான் நடக்கிறேன்.

ஜல்லடியன்பேட்டை, ராயல் மெடோஸ். பொருளாளர் நான்.
யாரும் கை தூக்காத கூட்டத்தில்
முடியை ஒதுக்கக் கை தூக்கியதால் வந்த பதவி.
மாதம் ஆயிரத்து இருநூறு ஒரு வீட்டுக்கு:
தெருவிளக்கு, பம்ப், கேட்டில் பிபினின் சம்பளம்,
மிச்சம் இருந்தால் சாலை.
மிச்சம் இருந்ததில்லை.

மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர்
கோப்பைத் திறக்காமலே சொன்னார்:
"ரோட்டைத் தானமா எழுதிக் குடுங்க மேடம்,
அடுத்த டெண்டர்ல தார் போட்டுடலாம்.
ஆனா கேட்டை எடுத்துடணும்."
பொதுக்குழு கூடியது. போண்டா வந்தது.
கேட்டும் வேண்டும், தாரும் வேண்டும் என்று
ஏகமனதாய்த் தீர்மானம்.

ஏகத்தில் சேராதவர் இரண்டாம் எண் ஞானதிரவியம்.
"கேட்லேர்ந்து என் வாசல் நாப்பது அடி.
கடைசி வீட்டு ஹேமலதா எழுநூறு அடி காரை ஓட்டுது.
ரெண்டு பேருக்கும் ஒரே ரேட்டா?"
கால்குலேட்டரைத் தட்டினார்.
அறுபத்தெட்டு ரூபாய் ஐம்பத்தேழு காசு.
காசை இப்போது யாரும் வாங்குவதில்லை என்பதால்
அறுபத்தொன்பதாக, பெருந்தன்மையோடு,
கவரில் போட்டுக் கொடுத்தார்.
ரசீதுப் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, நாற்பதடிக்கு.

கோடையில் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிகள்
திரும்பிய இடமெல்லாம் தார் பிளந்தது.
யார் வீட்டுக்கு வந்த லாரி என்று கேட்காதீர்கள்.
என் வீட்டுக்கும் வந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஞானதிரவியம் வேட்டியை மடித்துக் கட்டி
தன் நாற்பதடியை மட்டும் தானே பூசினார்,
அளவு நாடா பிடித்து, ஒன்றரை அங்குலம் உயர்த்தி.
அழகாகத்தான் இருந்தது, நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரி போல.
மழை வந்தபோது
பத்திரம் படிக்கத் தெரியாத தண்ணீர்
நாற்பத்தொன்றாம் அடியில் இறங்கி
மூன்றாம் எண் வாசலில் உட்கார்ந்தது.
மூன்றாம் எண் நான்.

நவம்பரில் ஒரு மாலை கரண்ட் போனது.
எல்லா கேட்டும் ஒரே சாம்பல் நிறம்.
ஸ்கூட்டரில் வந்தவர் தன் வாசலைத் தாண்டிவிட்டார்.
சத்தம் கேட்டு டார்ச்சோடு ஓடினேன்.
முழங்கால் அளவுப் பள்ளத்தில்
ஞானதிரவியமும் இரண்டு கிலோ இட்லி மாவும்.

"உங்க வாசல் பள்ளம்," என்றார், எழாமலே.
"உங்களுக்கும் இதுல இருபத்தாறுல ஒண்ணு இருக்கு சார்."
மழையில் அதை யோசித்துக்கொண்டிருந்தார்.
டார்ச் வெளிச்சத்தில் மாவு வெள்ளையாய் விரிந்து
என் வாசல், எதிர்வாசல், அவர் வாசல் எதையும் கேட்காமல்
சாலை முழுக்கப் பரவியது.
எங்கிருந்து எதுவரை யாருடையது என்று
அதில் ஒரு கோடுகூட இல்லை.
கை கொடுத்தேன். கனமான மனிதர்.
பிபின் ஓடிவந்து மறுகையைப் பிடித்தான்.
அவனுக்கு இந்தச் சாலையில் ஒரு பங்கும் கிடையாது,
இரவெல்லாம் அதன் முழு நீளமும் நடப்பவன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி கவர் வந்தது.
நூற்றியேழு ரூபாய்.
கூடவே ஒரு துண்டுச்சீட்டு: அறுபத்திரண்டு அடிக்கு.
விழுந்த இடம்வரை அளந்திருக்கிறார்.

ரசீது எழுதினேன்.
ஹேமலதா வீட்டுக்கு
இன்னும் அறுநூற்று முப்பத்தெட்டு அடி இருக்கிறது.