டோக்கன் பதினேழு

அட்டையில் 'சேவியர்' என்றிருக்கிறது. பாலினம்: பெண்.
"சேவியர் இல்ல தம்பி, சோவியத்து."
திருத்துறைப்பூண்டி இ-சேவை மையம்.
த.பெ. உத்திராபதி, ஆலிவலம்.
முதியோர் பணத்துக்குப் பெயர் திருத்த வந்திருக்கிறார்.

தமிழில் எந்தச் சொல்லும்
த் என்று முடிந்து நிற்காது.
ஓர் உகரத்தை முட்டுக்கொடுத்து
அறுபது வருஷமாய் நிறுத்தியிருக்கிறது ஊர்.

"நாட்டோட பேராம்மா?"

"நாடுன்னாங்க. சர்க்கார்னாங்க.
அப்பா பேப்பர் படிக்கச் சொல்லிக் கேப்பாரு.
சோவியத் மறுத்ததுன்னு வந்தா அது கவர்மெண்டாம்,
சோவியத் கொதித்ததுன்னு வந்தா சனமாம்.
ரெண்டுக்கும் ஒரே வார்த்தையான்னு
கூலி கேட்டு உள்ள போன எடத்துல
விடிய விடியக் கேட்டுக்கிட்டே இருந்தாராம்.
நான் பொறந்த சேதி திருச்சி ஜெயிலுக்குத்தான் போச்சு.
பேரு கார்டுல வந்துச்சு."

இங்கே
அரசுக்கு ஒரு சொல், சனத்துக்கு ஒரு சொல்,
நடுவில் தாலுகா ஆபீஸ் வாசற்படி.

அந்த வருஷம்
வெண்மணிக்குப் போய்த் திரும்பிய மறுநாள்
தாளடியில் களை.
பம்புசெட்டிலிருந்து ரேடியோவோடு ஒருவன் கத்தினான்:
"ஏ சோவியத்து, ஒன்னயக் கலச்சுட்டானுவளாம்!"
"நான் களையில்ல எடுத்துக்கிட்டிருக்கேன்"
என்றாராம் குனிந்தபடியே.
வயலே சிரித்திருக்கிறது.
அப்பா மட்டும் அன்று சோறு தொடவில்லை.
சாயங்காலம் கூலி அளந்தபோது
அடிபட்டு வாங்கிய அந்த அரைப்படி
அப்படியே இருந்தது; அதை யாரும் கலைக்கவில்லை.

"பேருக்கு ஆதாரம்?"
"கார்டு இருந்துச்சு. கஜா புயல்ல கூரையோட போச்சு."

அதற்குள் சர்வர் போய்விட்டது.
பெஞ்சில் ஆறு பெண்கள்.
டோக்கனை ஒருத்தியும் பார்க்கவில்லை.
கைப்பிள்ளைக்காரி முதலில்,
வேதாரண்யம் பஸ்ஸைப் பிடிக்கிறவள் அடுத்து,
சர்க்கரை மாத்திரை போட்டவள் போய்
ரெண்டு இட்லி தின்றுவிட்டு வரட்டும்,
பதினேழு கடைசி. சொன்னதே பதினேழுதான்.
கொஞ்சம் சத்தம், ஒரு கோபம், அப்புறம் வெற்றிலை.
என்னை யாரும் கேட்கவில்லை.

லைன் வந்து, ஐந்து பேர் போன பிறகு
சேவியரை அழித்தேன்.
சோ. வி. ய. த்.
புள்ளியோடு விட்டுவிடலாம், விதி தடுக்காது.
து-வும் சேர்த்தேன்.

'ஆதாரம்' என்ற கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.