மலை

செக்காலை ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்;
விசிறி இரைச்சல் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்.
லினக்ஸ் ஏற்றி மூன்று ராத்திரி.
வைஃபை இன்னும் முறைக்கிறது;
உமையாள் போனில் கயிறு கட்டி
இணையத்தை இழுத்துக்கொண்டிருந்தேன்.

பென்டிரைவைச் செருகினால்
தமிழில் ஒரு பொத்தான்: 'மலை'.
மவுண்ட் என்பதை யாரோ
அவசரத்தில் மலையாக்கியிருக்கிறார்.
'குன்றக்குடியையா சொருகுறே?'
உமையாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திட்டிவிட்டுத் தூங்கியிருக்கலாம்.
ஆனால் கோப்பு திறந்தே கிடந்தது,
யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம்.
'இணை' என்று திருத்தி அனுப்பினேன்.

பதினோராம் நாள்
ஊர் பேர் தெரியாத ஒருவர்:
'ஏற்றுக்கொண்டோம். நன்றி.'

அரியர் இரண்டு அப்படியே இருக்கிறது.
வைஃபையும் வரவில்லை.
ஆனால் இனி எங்கோ ஒருத்தி
பென்டிரைவைச் செருகும்போது
குறுக்கே மலை நிற்காது.
நகர்த்தியாயிற்று.
மெஸ்ஸில் இட்லி தீர்வதற்குள் போகவேண்டும்.