முந்தைய பள்ளி

விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம்:
முந்தைய பள்ளியின் பெயர்.
அந்த இடத்தில் எபினேசர் பேனாவை மூடிவிட்டான்.
மூன்று நாளாக ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது தாள்,
கரண்ட் பில்லுக்கும் இருமல் மருந்துக்கும் நடுவில்.

ஷாலோமுக்கு ஏழரை வயது.
சாப்பாட்டு மேசைதான் அவளது இரண்டாம் வகுப்பு.
பின்னத்தை ஆம்லெட்டில் படித்தாள்.
29சி ஜன்னலோரம் உட்கார்ந்து
பெரம்பூரிலிருந்து புரசைவாக்கம் வரை
கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டினாள்.
'அடகு' அவள் தானாக வாசித்த முதல் சொல்.
ஒரு வாரம் முழுக்க எறும்பு.
மறு வாரமும் எறும்பு.
நான் தடுக்கவில்லை.

நான் படித்தது கான்வென்ட்.
தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம்.
வேதியியல் மொத்தமும் மறந்துபோச்சு,
"வயிறு வலிக்குது சிஸ்டர்" என்றதற்குக் கட்டிய
அந்த ஐந்து ரூபாய் மறக்கவில்லை.

எபி ஓட்டேரி மாநகராட்சிப் பள்ளி.
அறுபத்தெட்டுப் பேருக்கு ஒரு வாத்தியார்.
"எனக்குக் கண்ணு சரியில்லன்னு
கண்டுபிடிச்சது யாரு தெரியுமா?
வாத்தியார் இல்ல, எங்கம்மா இல்ல,
பக்கத்து பெஞ்சு குணாளன்.
ரெண்டு வருஷம் போர்டைப் பாத்து
என் காதுல படிச்சுக் காட்டினான்."
இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.
இந்த வாரம்தான் அது வாதமாக மாறியது.

"இவளுக்குக் கண்டுபிடிக்க நான் இருக்கேன்."
"நீ டீச்சர்.
நான் பக்கத்து பெஞ்சு கேக்கிறேன்."

கோபத்தில் குக்கரை ஓங்கி வைத்தேன்.
அவனும் விடவில்லை, நானும் விடவில்லை.
அங்கே கழிவறையில் ஒரே குழாய்தான் வேலை செய்கிறது,
நான் போய்ப் பார்த்தேன் என்றேன்.
அங்கே காலையில் பொங்கல் போடுறாங்க,
நானும் பார்த்தேன் என்றான்.
மூன்று வகுப்புக்கு ஒரே டீச்சர் என்றேன்.
இங்கே ஒரு வகுப்புக்கு அரை டீச்சர் என்றான்.

அது சுட்டது.
இரவெல்லாம் அமெரிக்க நோயாளிகளின் பில்லுக்கு
எண் போட்டுக்கொண்டிருப்பேன்.
விடிந்தால் அவன் ஐசிஎஃப் சைரனுக்கு ஓடுவான்.
நான் இட்லி அவித்து, கணக்குப் போடக் கொடுத்து,
அவள் பக்கத்திலேயே கட்டிலில் சாய்வேன்.
"கேட்டுட்டுதான் இருக்கேன், நீ படி."
என் இமையை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பாள்.
நான் தூங்கிப்போன பாடங்களை
அவள் அப்பாவிடம் சொன்னதேயில்லை.

நேற்று கண்ணை மூடியும் தூக்கம் வரவில்லை.
ஒன்பது பத்து.
பின்பக்கச் சுவருக்கு அந்தப்புறம்
பள்ளி மணி.
ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது,
பிறகு முந்நூறு குரல் சேர்ந்து பாடிற்று,
பாதி சுருதியில், பாதி சுருதி விட்டு.
ஷாலோம் எழுந்தாள்.
கையில் கடித்த இட்லி,
கன்னத்தில் சட்னி,
இரண்டு கையும் பக்கவாட்டில் ஒட்டி
சமையலறை ஜன்னலைப் பார்த்து
நேராக நின்றாள்.
பாட்டு முடிந்தது.
உட்கார்ந்து மிச்ச இட்லியைத் தின்றாள்.

"எத்தனை நாளா இப்படி?"
திடுக்கிட்டாள், நான் தூங்குவதாக நினைத்திருக்கிறாள்.
"தெனமும்தான்."
"யாரு சொல்லிக்குடுத்தா?"
"எல்லாரும் நிக்கிறாங்கல்ல."
சுவருக்கு மேலே
ஒரு முருங்கைக் கிளை தவிர
எதுவும் தெரியாத ஜன்னல் அது.

இரவு எபியிடம் சொன்னேன்.
ஜெயித்துவிட்டதாக அவன் முகம் மலரும் என்று பார்த்தேன்.
மலரவில்லை.
வெகுநேரம் தட்டிலேயே கோலம் போட்டுக்கொண்டிருந்துவிட்டு
"எறும்பை அங்க யாரும்
ரெண்டு வாரம் பாக்க விட மாட்டாங்க இல்ல?" என்றான்.
அது என் வாதம்.
அவன் வாயில் கேட்க
தைரியமாக இல்லை எனக்கு.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
தாளை எடுத்தேன்.
மேலே இருமல் மருந்தின் வட்டக் கறை.
ஏழாவது கட்டத்தில் எழுதினேன்:
வீடு.

எபி எட்டிப் பார்த்தான்.
பேனாவைக் கேட்டு வாங்கி
'முந்தைய' என்ற சொல்லின் மேல் வைத்துக்கொண்டு
கேட்டான்:
"இத அடிச்சிடவா?"