பிடித்தம்

டெஸ்கர் ரோட்டில்
கைப்பேசிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஞாயிறு மாலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால்
முதலில் வருவது
கீழ்க்கடைப் பரோட்டாவின் புகை.
பிறகுதான் ஆட்கள்.

எங்கள் கோப்பின் முதுகில்
'உலக அமைதி' என்று எழுதியிருக்கும்.
முப்பது வருடங்களுக்கு முன்
எங்கோ யாரோ குண்டு போட்டபோது
கையெழுத்து வேட்டைக்கு வாங்கிய கோப்பு.
அந்தக் கையெழுத்துகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று
திருமதி கோவுக்கே நினைவில்லை.
இப்போது அதற்குள்
சம்பளச் சீட்டுகள், மழையில் நனைந்த நேர அட்டைகள்,
மடித்து வைத்த ஓர் எக்ஸ்ரே.
பெயரை மாற்றலாமா என்று இரண்டு முறை பேசினோம்.
நல்ல கோப்பு, கிளிப் இன்னும் தளரவில்லை
என்பதோடு கூட்டம் முடிந்தது.

என் வேலை மொழிபெயர்ப்பது.
மாசிலாமணி, அறந்தாங்கிப் பக்கம்.
சாரக்கட்டு வேலை.
வலது கையில் சுட்டுவிரல் பாதி.
சீட்டை மேசையில் தேய்த்துத் தேய்த்து நேராக்குகிறார்.
நான் வாசிக்கிறேன்:
அடிப்படைச் சம்பளம்.
மிகைநேரம், பூஜ்யம்.
தங்குமிடம், பிடித்தம்.
சாப்பாடு, பிடித்தம்.
மற்றவை, பிடித்தம்.

"எல்லாத்துலயும் பிடித்தம்னு போட்டிருக்கே,
முதலாளிக்கு என்னை அவ்ளோ பிடிச்சிருக்காக்கா?"
அடுத்து காத்திருந்த ஷோஃபிகுல்
என்ன சிரிப்பு என்று கேட்டார்.
எனக்கு வங்காளம் தெரியாது.
ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்,
நகைச்சுவை பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது.
ஆனாலும் சிரித்தார், மரியாதைக்கு.

திருமதி கோ ஒரு காலத்தில் கணக்காய்வாளர்.
ஒரு பென்சில் காதில், ஒரு பென்சில் கையில்.
இரவு பதினொன்றுக்கு லாரியில் திரும்பிய நாட்களை
மாசிலாமணி மழையை வைத்துத்தான் சொல்கிறார்.
"புக்கிட் தீமா பக்கம் வெள்ளம் வந்துச்சே,
அதுக்கு மறுநாள்.
அப்புறம், இடி விழுந்து வேலைய நிறுத்தினாங்களே, அன்னிக்கு."
அவர் வானிலைப் பதிவுகளைத் தேடி
மழையைத் தேதியாக்குகிறார்,
தேதியை மணியாக்குகிறார்,
மணியை ஒன்றரையால் பெருக்குகிறார்.
வெள்ளிக்கிழமை இருக்கிறதா என்று
மூன்று முறை கேட்கிறார்.
கோபம் வந்தால் அவருக்கு எழுத்து சின்னதாகும்.
அன்றைக்கு எழுதியதை வாசிக்க
எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது.

ஆறு வாரம் கழித்துச் சமரசப் பேச்சு.
குளிரூட்டிய அறை, தண்ணீர்ப் போத்தல்,
முதலாளியின் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண்,
அவளும் மொழிபெயர்ப்பவள்தான்,
என் கண்ணைப் பார்க்கவில்லை.
வெளியே வந்ததும் நான் சொன்னேன்,
"பாதியாவது கிடைச்சுதே."
அவர் தன் விரலைப் பார்த்தார்.
வேறு சொல் தேடியிருக்கலாம்.

அன்று இரவு
ஃபேரர் பார்க்கிலிருந்து கடைசி ரயில்.
மடியில் உலக அமைதி.
கைப்பேசியில் என் மாதச் சம்பளம் வந்திருந்தது.
எனக்கும் பிடித்தம் உண்டு,
மத்திய சேமநிதிக்கு, ஐந்தில் ஒரு பங்கு.
பிடித்ததெல்லாம் என் பெயரிலேயே
வட்டி போட்டுக்கொண்டு
என் முதுமைக்காகக் காத்திருக்கிறது.
அதே சொல்லைத்தான்
அவருக்கும் வாசித்துக் காட்டினேன்,
குரல்கூட மாற்றாமல்.

வியாழக்கிழமை அவருக்கு விமானம்.
விமான நிலையத்திலிருந்து ஒரு குரல்பதிவு:
"அக்கா, பெட்டி எடை பார்த்தாங்க,
ரெண்டு கிலோ பிடிச்சுட்டாங்க."
பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.
அவராகவும் இருக்கலாம்.

ஷோஃபிகுலின் சீட்டுகள் பதினான்கு.
மேலே வைத்து அழுத்துகிறேன்.
கிளிப் மூட மாட்டேன் என்கிறது.